தலையை உதறிய சாட்சி

பல் டாக்டர் வீட்டுக் குதிரைக்குப் பல்லில் ஒரு கோளாறும் கிடையாது. இதைச் சொன்னவர் பல் டாக்டர். தன் கையாலேயே வாயைப் பிளந்து, டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடியை விட்டுக் கடைவாய் வரைக்கும் பார்த்தாராம். தெருவில் பாதிப் பேருக்குக் கிடைக்காத கவனிப்பு, அதுவும் டோக்கன் வாங்காமல்.

"பல்லுல ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு அத்தை தலையை அப்படி உதறுது?" என்று கேட்டான் ஒட்டடை.

"அது தெரிஞ்சா நாம எதுக்குப் போறோம்? சட்டையை உள்ளே விடு."

ஒட்டடை சட்டையை உள்ளே விட்டான். உயரத்துக்குத் தகுந்த சதை போட மறந்துபோன உடம்பு. பெயர் அப்படி வந்ததுதான். வேலை தேடுகிறேன் என்று அத்தை வீட்டுக்கு வந்து தங்கியவன், தேடுவதையே வேலையாக்கிக்கொண்டு அத்தைக்கு ஒத்தாசையாகிப் போனான். அத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவள். எரியாத கடை எரிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேரை, சாம்பல் எங்கே என்று ஒரே கேள்வியில் உட்கார வைத்தவள். இப்போது தெருவில் யார்மேல் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் ஆள் நேரே அவளிடம்தான் வரும். போலீஸுக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று வருவார்கள். அத்தையிடம் வந்தாலும் தெரிந்துவிடும். கொஞ்சம் மரியாதையாகத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

டாக்டர் வீடு முன்பக்கம் ஆஸ்பத்திரி, நடுவில் குடித்தனம், பின்னால் முற்றமும் லாயமும். தினமும் காலையில் சீமாட்டி என்கிற அந்தச் சிவப்புக் குதிரைமேல் ஏறி, முதுகு வளையாமல் தெருவைக் கடந்து மைதானத்துக்குப் போவார். பால் வாங்கப் போகிறவர்கள் ஒதுங்கி நின்று கும்பிடுவார்கள். கும்பிடு டாக்டருக்கா, குதிரைக்கா என்று இதுவரை யாரும் விளக்கியதில்லை.

அந்தச் சீமாட்டிக்குச் சில மாதமாகத்தான் இந்தப் பழக்கம். டாக்டர் ஏறிக் கடிவாள வாரைக் கையில் எடுத்த கொஞ்ச நேரத்தில் தலையை மேலும் கீழும் வீசி உதறும். போன வாரம் உதறிய உதறலில் டாக்டரின் கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது, டாக்டர் மறுபக்கம் பறந்து வங்கி வாசல் பூச்செடிக்குள் உட்கார்ந்தார். தெருவே பார்த்தது. பார்க்காதவர்கள் பார்த்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

டாக்டருக்குச் சந்தேகம் குதிரைக்காரர்மேல். லாயத்தை ஒட்டின அறையில் மனைவியோடு குடியிருக்கிறவர். வீட்டில் வெள்ளையடிக்கச் சொல்லிக் கேட்டாராம், டாக்டர் மறந்துவிட்டாராம், அந்தக் கோபத்தில் குதிரையை ஏதோ பண்ணுகிறானாம். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அவர் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. ஆனாலும் டாக்டர் நியாயஸ்தர். ஆதாரத்தோடு அனுப்பினால்தான் தூக்கம் வரும் என்பதற்காக அத்தையைக் கூப்பிட்டிருந்தார்.

உள்ளே நல்ல கோப்பைகளில், தட்டு வைத்து, டீ வந்தது. டாக்டருக்கு மட்டும் டம்ளர். அதுவும் அரை டம்ளர். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, குளிர்காய்கிற மாதிரி குடித்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அத்தை டம்ளரைப் பார்த்தாள், பிறகு சுவரில் மாட்டியிருந்த பட்டங்களைப் பார்த்தாள்.

டாக்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டதாகச் சொன்னார். மாட்டு டாக்டரைக் கூப்பிட்டுக் காது, கண், முதுகு பார்த்தாயிற்று. சேணம் மாற்றியாயிற்று. ஈ மொய்க்காமல் இருக்க நெற்றியில் குஞ்சம் கட்டியாயிற்று; குதிரை குஞ்சத்தையும் சேர்த்து உதறியது.

"இன்னைக்குக் காலையில மாட்டிக்கிட்டான்" என்று ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஈரமாக ஒரு வெள்ளைத் துணி நாடா. கடிவாளத்தில் குதிரை வாய்க்குள் போகிற இரும்பைச் சுற்றி இது இருந்ததாம். எதிலோ நனைத்துக் கட்டியிருக்கிறான், அந்த எரிச்சலில்தான் உதறுகிறது என்று டாக்டர் அடித்துச் சொன்னார்.

அத்தை எடுத்து முகர்ந்தாள். நுனி நாக்கில் வைத்தாள்.

"என்ன அத்தை, மருந்தா?"

"எச்சில்."

"யாரோடதுன்னு கேட்டா நீங்க வருத்தப்படுவீங்க" என்றான் ஒட்டடை.

அத்தை வருத்தப்படவில்லை. குதிரையை ஓட்டிப் பார்க்கலாம் என்றாள்.

முற்றத்தில் குதிரைக்காரர் சீமாட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அறை வாசலில் அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது கொஞ்சம் அதிகமாகவே சத்தம் கேட்டது. டாக்டர் ஏறுவதற்கு முன் குதிரைக்காரர் குதிரையின் காதில் ஏதோ முணுமுணுத்தார். பாத்தீங்களா என்று டாக்டர் கண்ணால் காட்டினார். என்ன சொன்னார் என்று அத்தை நேராகவே கேட்டாள். கோபித்துக்கொள்ளாதே என்று தினமும் சொல்வாராம்.

"கேக்குமா?"

"கேக்கும்மா. பதில்தான் சொல்லாது."

டாக்டர் ஏறினார். வார் தளர்ந்து கிடந்த வரைக்கும் சீமாட்டி கோவிலுக்குப் போகிறவள் மாதிரி அடக்கமாக நடந்தது. டாக்டர் வாரைச் சேர்த்துப் பிடித்து ஓட விட்டதும் முதல் திருப்பத்திலேயே தலை மேலே போனது, கீழே வந்தது, மறுபடியும் மேலே போனது. மூக்கால் யாரையோ விரட்டுகிற மாதிரி இருந்தது. டாக்டர் இறங்கிவிட்டார். அடுத்துக் குதிரைக்காரர் ஏறினார். அதே வார், அதே திருப்பம். தலை ஆடவில்லை. இவனே பழக்கி வைத்திருக்கிறான், வேறென்ன வேண்டும் என்றார் டாக்டர்.

அத்தை திரும்பி ஒட்டடையைப் பார்த்தாள். அவன் உடனே லாயத்துக் கூரையைப் பார்த்தான். பயனில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஏற்றிவிட்டார்கள். ஏணியை மடித்துச் சாய்த்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தான். பழக்கமில்லாத இவனுக்கும் குதிரை உதறவில்லை. மேலே ஆள் ஏறியதே அதற்குத் தெரியவில்லை போலிருந்தது.

"இவர் வாரையே பிடிக்கலையே, பிடரியையில்ல கட்டிப் பிடிச்சிருந்தார்" என்றார் டாக்டர்.

"ஆமா" என்றாள் அத்தை. சாதாரணமாகச் சொல்லவில்லை. ஒட்டடைக்கு அந்த 'ஆமா' தெரியும். சாம்பல் எங்கே என்று கேட்பதற்கு முன்னால் வருகிற 'ஆமா'.

அவள் குதிரைக்காரரிடம் ஒரு கந்தையைக் கொடுத்து, கடிவாள இரும்பில் சுற்றிக் காட்டச் சொன்னாள். அவர் சுற்றி, இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு முடிச்சும் எலுமிச்சம்பழம் அளவு. கிண்ணத்தில் இருந்த நாடாவிலோ முடிச்சே கிடையாது. ஓரமெல்லாம் நூல் பிரியாமல் உள்பக்கம் மடித்து, நுனியைச் செருகியிருந்தது.

"இதை வாய்க்குள்ள துணி வச்சுப் பழக்கப்பட்ட கைதான் சுத்தியிருக்கு" என்று அத்தை ஒட்டடை காதில் சொன்னாள். "குதிரைக்குக் கெடுதல் பண்ண இல்லை. மெத்தை போட்டிருக்கு."

"வாய்க்குள்ள துணி வைக்கிற ஆளுங்க இந்த வீட்டுல ரெண்டு பேருதான் அத்தை. ஒருத்தர் நம்மைக் கூப்பிட்டவர்."

"இன்னொருத்தி அவர் மகள். அவளைப் போய்ப் பார்ப்போம்."

ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுக்கிற அக்கா உட்கார்ந்திருந்தாள். டாக்டரின் மகளும் பல் டாக்டர். எதிரெதிரே இரண்டு அறை. சின்ன டாக்டர் அறை வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய கூட்டம். பெரிய டாக்டருக்குக் காத்திருந்தவர்கள் எல்லாருமே பொக்கை வாயோடு, எந்த வலியும் இல்லாமல், சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் யாரிடம் போவது என்று எப்படிப் பிரிக்கிறாய் என்று அத்தை கேட்டாள்.

"பல்லு இருக்கிறவங்க சின்ன டாக்டர். பல்லு போனவங்க பெரிய டாக்டர். பல் செட்டுக்கு அளவு எடுக்கறது மட்டும்தான் ஐயாகிட்ட. சின்ன டாக்டரோட ஏற்பாடு" என்றாள் அக்கா. என்றைக்கிருந்து என்றதற்கு, சில மாதமாக என்றாள்.

சின்ன டாக்டர் ஒருவர் வாயில் குடைந்துகொண்டிருந்தாள். இப்போது பேச முடியாது என்றாள். அத்தைக்கு அது ஒரு பொருட்டா? குதிரை, இரும்பு, துணி நாடா என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர் வங்கி மேனேஜர். பூச்செடி சம்பவத்தை முன்வரிசையில் பார்த்தவர். ஒரு வார்த்தை பேச முடியாத நிலையில் இவ்வளவு சுவாரஸ்யமான பேச்சு காதில் விழுவது எப்படிப்பட்ட கொடுமை என்பது அவர் கண்ணில் தெரிந்தது. சின்ன டாக்டர் அவரை வாய் கொப்புளிக்க வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவர் ரொம்ப நேரம் கொப்புளித்தார், கதவுக்குப் பக்கத்திலேயே.

"நான்தான் சுத்தினேன். சீமாட்டிக்கு வாய் வலிக்குமேன்னு" என்றாள்.

"வருஷக்கணக்கா அதே இரும்புதானேம்மா. இப்போ மட்டும் ஏன் வலிக்கும்?"

அவள் கையைக் கழுவினாள். கழுவின கையை மறுபடியும் கழுவினாள். குதிரைக்காரருக்குத் தன் மாமனார் ஊரில் நல்ல இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாளாம், கஷ்டப்பட விடமாட்டாளாம்.

"அப்போ அவர் ஒண்ணும் பண்ணலைன்னு உனக்குத் தெரியும்."

அவள் குழாயைத் திருகி மூடினாள்.

"அங்கே அந்தப் பொண்ணு பாத்திரத்தைச் சாக்குல போட்டுட்டிருக்கா. உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்குப் பயந்துக்கிட்டு அவங்களைத் திருடன் மாதிரி வெளியே அனுப்பறே. எது பெரிய வலின்னு நீதான்மா சொல்லணும், நீதான் டாக்டர்."

சின்ன டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொல்லிடுங்க. என்னால முடியாது" என்றாள்.

"நான் சொன்னா உங்கப்பா நம்பமாட்டார். குதிரை சொல்லியே நம்பலை" என்றாள் அத்தை. "ஆனா எங்கிட்ட பேசற குதிரை ஒண்ணு இருக்கு."

வெயில் இறங்கி முற்றத்தில் பாதி நிழல் விழுந்திருந்தது. சாக்கு கட்டியாயிற்று, மெத்தையைச் சுருட்டி அதன்மேல் குதிரைக்காரர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அத்தை டாக்டரிடம், குதிரைக்காரர் கை கனமா, குதிரை வாய் தாங்குமா என்று ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம் என்றாள். டாக்டருக்கு அது பிடித்தது. தன்னையும் சோதிக்கலாம் என்று தாராளமாகச் சொன்னார்.

"என் கையைப் பத்தி யாரும் இதுவரைக்கும் குறை சொன்னது கிடையாது. ஊசி போட்டீங்களா, இன்னும் போடலையான்னு கேப்பாங்க."

"டேய், நீதான் குதிரை" என்றாள் அத்தை.

"இதுக்கு நான் வேலையே தேடிட்டிருக்கலாம்" என்றான் ஒட்டடை.

கடிவாளத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, வாய்க்குள் போகிற இரும்பை அவன் இரண்டு கையிலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொள்ளச் சொன்னாள். முகம் சுவரைப் பார்த்து. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பின்னால் ஒவ்வொருவராக வந்து வாரைப் பிடிப்பார்கள். யார் என்று தெரியாது. கையில் என்ன தெரிகிறது என்று மட்டும் அவன் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு கனம் வந்து வாரில் தொங்கியது. "ஈரத்துணி காயப்போட்ட கொடி மாதிரி இருக்கு. கனம்தான். ஆனா நச்சரிப்பு இல்லை. தூங்கிடலாம்" என்றான். பின்னால் குதிரைக்காரர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

அடுத்தது ஒரே இழுப்பில் அவனை இரண்டடி பின்னால் கொண்டுவந்தது. "இது எங்க அத்தை. என்னை இங்கே கூட்டிட்டு வந்ததும் இப்படித்தான்" என்றான். யாரோ சிரித்தார்கள்.

மூன்றாவதாக வாரை எடுத்தவரை முதலில் தெரியவே இல்லை. அவ்வளவு லேசு. இறகு வந்து உட்கார்ந்த மாதிரி. இதுவல்லவா கை என்று பாராட்ட வாயைத் திறந்தான் ஒட்டடை. அப்போதுதான் இரும்பு பேச ஆரம்பித்தது. சின்னதாக, விடாமல், ஒரே சீராக. சட்டைப் பையில் போன் ஊமையாக அடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி. எடுக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. உள்ளங்கையிலிருந்து அது முழங்கை வரைக்கும் ஏறியது. கொஞ்ச நேரத்தில் கையை உதற வேண்டும் போல இருந்தது.

போன் அடிக்கிற உவமை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை வெளியே விட்டிருப்பான். ஆனால் பின்னால் மிச்சம் இருப்பது யார் என்று அவனுக்குக் கணக்குத் தெரியும்.

"சொல்லுடா" என்றாள் அத்தை.

ஒட்டடை சொல்லவில்லை. அவன் வாழ்நாளில் பேச விஷயம் இருந்தும் பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவன் பேசாததால் முற்றம் அமைதியானது. அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. இரும்பின் ஓரத்தில் இருந்த வளையம் அதோடு உரசி, கிணி கிணி கிணி என்று மெல்ல அடித்துக்கொண்டே இருந்தது.

"அப்பா, விட்டுடுங்கப்பா" என்றாள் சின்ன டாக்டர், பின்கட்டு வாசலில் இருந்து.

டாக்டர் விட்டார். சத்தம் நின்றது. மறுபடியும் பிடித்தார். வந்தது. அவர் வளையத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார், யாரோ ஒரு நோயாளியின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

டீ குடிக்கும்போது கை நடுங்குவது தனக்குத் தெரியும் என்றார். களைப்பு என்று நினைத்தாராம். உடம்பு சோர்ந்தால் யாருக்கும் கொஞ்சம் இருக்கும் என்று நினைத்தாராம். தட்டு வைத்தால் கோப்பை சத்தம் போடுகிறது, டம்ளர் போதும் என்று அவரே மாற்றிக்கொண்டாராம். வாரில் இருந்து அது குதிரை வாய் வரைக்கும் போகும் என்று மட்டும் தோன்றவில்லை. பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"அதான் எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் பொக்கை வாயா இருந்தாங்களா? வயசானவங்களுக்கு என்மேல ஒரு நம்பிக்கைன்னு நினைச்சேன்."

சின்ன டாக்டர் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் டோக்கனை மாற்றினாளாம், இரும்புக்குத் துணி சுற்றினாளாம். சொல்லாமல் இருப்பதற்கு அவள் செய்த வேலையில் பாதியைச் சொல்வதற்குச் செய்திருந்தால் போதும் என்று அத்தை நினைத்திருப்பாள்.

டாக்டர் கடிவாளத்தை ஒட்டடையிடமிருந்து வாங்கி, ரொம்பக் கவனமாகச் சுருட்டினார். வளையம் அடித்தது. அவர் அதை மறைக்க முயலவில்லை.

"இத்தனை வருஷமா நான் கை வச்ச வாய்க்கெல்லாம், தலையை ஆட்டாதீங்கன்னு சொல்லித்தான் உக்கார வச்சேன். எல்லாரும் கேட்டாங்க. இது ஒண்ணுதான் கேக்கலை."

 

அப்புறம் அவர் முற்றத்தைக் கடந்து குதிரைக்காரர் அறை வாசலுக்குப் போனார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன் எப்படி நிற்பானோ அப்படி நின்றார். கையைப் பின்னால் கட்டினார், முன்னால் கட்டினார். கடைசியில் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தவளிடம், "பாத்திரத்தையெல்லாம் எடுத்து வைம்மா" என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை. "எங்கே எடுத்து வைக்கிறதுங்க? வண்டியிலயா, வீட்டுக்குள்ளயா?"

குதிரைக்காரர், ஏய் என்றார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உள்ளே" என்றார் டாக்டர். கொஞ்சம் நின்று, "தப்பு உன் புருஷன்மேல இல்லை. என்மேல. எல்லாருக்கும் கேக்கத்தான் சொல்றேன்" என்றார்.

அவள் எழுந்தாள். சாக்கைப் பிரித்து ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போனாள். வெள்ளையடிக்கிற விஷயத்தையும் போகிறபோக்கில் ஞாபகப்படுத்தினாள். நேரம் பார்த்துக் கேட்கத் தெரிந்தவள்.

கிளம்பலாமா என்று ஒட்டடை கேட்டபோது, இரு என்றாள் அத்தை. டாக்டர் சீமாட்டிமேல் சேணம் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். முதுகு வழக்கம்போல் வளையவில்லை. வார் இரண்டும் அவர் கையில். குதிரையின் காது விறைத்துப் பின்னால் போயிற்று. கழுத்து ஏற ஆரம்பித்தது.

அவர் வாரை எடுத்துக் குதிரைக்காரர் பக்கம் நீட்டினார்.

"நீ பிடிச்சுக்கோ."

குதிரைக்காரர் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். திருவிழாவில் குழந்தையைக் குதிரைமேல் ஏற்றிச் சுற்றிக்காட்டுகிற மாதிரிதான் இருந்தது என்று ஒட்டடைக்குத் தோன்றியது. அதையும் அவன் சொல்லவில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை.

முதல் சுற்றில் அவர்கள் வாசல் பக்கம் வந்தபோது டாக்டர் குதிரைமேல் இருந்தபடியே, நாளைக்குத் தன் பெயரில் யாருக்காவது டோக்கன் இருக்கிறதா என்று மகளைக் கேட்டார். பல் செட்டுக்கு அளவு எடுக்க வருகிறவர்கள்தான், அதற்கு ஒன்றும் ஆகாது, அப்பாவே பார்க்கலாம் என்றாள் அவள்.

"அவங்களையும் நீயே பாத்துடு."

அவள் சரி என்று சொல்வதற்குள் குதிரை தாண்டிப் போய்விட்டது. அடுத்த சுற்றில் அவர் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. லாயத்துப் பக்கம் திரும்பினபிறகுதான், முதுகைக் காட்டிக்கொண்டே, குரல் மட்டும் வந்தது.

"நரம்பு டாக்டர் யாரும் தெரிஞ்சவங்க இருந்தா, எனக்கொரு டோக்கன் போட்டு வை."

முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இருட்டத் தொடங்கிவிட்டது. தெரிந்ததெல்லாம், மடிமேல் சும்மா கிடந்த இரண்டு கை. முன்னால், ஒரு பக்கமும் அசையாமல் நேராகப் போய்க்கொண்டிருந்த சீமாட்டியின் தலை.